நகம் வெளுத்த ஆண்டு

சாயக்காரர் தெருவில் ஹைலாவின் குரல் கேட்காமல் ஒரு பொழுதும் விடிந்ததில்லை. வேலை மணி அடித்து, நெசவாளர்கள் தறிக்குப் போய், துணியை மிதித்துக் கெட்டியாக்குகிறவர்கள் தங்கள் நீர்ப்பள்ளங்களில் இறங்குவதற்குள் அவள் தன் புருஷனை ஒரு பாட்டம் திட்டி முடித்திருப்பாள்.

"ஒரு கை! ஒரே ஒரு கையைச் சும்மா வச்சிருக்க முடியல உனக்கு!" என்றுதான் எப்போதும் ஆரம்பிக்கும்.

எந்தக் கை, அது என்ன செய்தது என்று தெருவில் யாரும் கேட்பதில்லை. பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட அந்தக் கதை தெரியும். கோசின் என்ற அந்த நல்ல மனிதன் "ஆமா புள்ள, ஆமா" என்று சொல்லிக்கொண்டே கறுத்த ரொட்டியை மோரில் தோய்த்துத் தின்பான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று யாராவது சொன்னால், எங்கள் ஊரில் அது கோசினைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும். அவனும் கூடவே சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஹைலாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஹைலா பிறந்தது எங்கள் லெய் ஆற்றங்கரையில், கம்பளி அலசும் ஒருத்திக்கு மகளாக. அம்மாக்காரி முழங்கால் தண்ணீரில் நின்று நின்றே இடுப்பொடிந்து போனவள். மகளும் நடக்கத் தெரிந்ததிலிருந்து அதே தண்ணீரில் நின்றாள். எங்கள் ஊரில் மனிதரை முகம் பார்த்து மதிப்பது கிடையாது, கை பார்த்துத்தான். அலசுகிறவளின் கை வெந்த இறால் மாதிரி சிவந்திருக்கும். நெசவாளியின் கையில் காய்ப்பு இருக்கும். சாயக்காரனின் நகம் நீலமாக இருக்கும். எந்தக் கறையும் இல்லாத கை வியாபாரியின் கை. இங்கிலாந்திலிருந்து வரும் கம்பளியை வாங்குவது அந்தக் கைதான். சந்தையில் துணியை விற்பதும் அதுதான். நடுவில் நூற்று, நெய்து, மிதித்து, தோய்த்து, வெட்டுகிற இத்தனை கைகளுக்கும் என்ன கூலி என்று சபையில் உட்கார்ந்து சொல்வதும் அதே கைதான். "நீல நகம்" என்று ஒருவனைச் சொன்னால் அது வசவு. அதைச் சொன்ன வாய் உடம்பில் போட்டுக்கொண்டு திரிவது மட்டும் நாங்கள் தோய்த்த நீலச் சட்டை.

இருபது வயதுகூட ஆகாமல் ஹைலா கோசினுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் அப்போதுதான் சாயக்காரர் சங்கத்தில் ஆசானாகி, சொந்தமாக ஒரு நீலத் தொட்டி போட்டிருந்தான். நல்ல வேலைக்காரன், அதிகம் பேசாதவன். குடித்தாலும் தள்ளாடாமல் வீடு வந்து சேர்கிறவன். தெருப் பெண்கள் "உனக்கு அதிர்ஷ்டம்டி" என்றார்கள். ஹைலாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

நீலத் தொட்டி என்பது அடுப்பில் ஏற்றி இறக்கும் சமாசாரம் அல்ல. வோட் என்ற தழையை அரைத்து உருட்டிக் காயவைத்த உருண்டைகளை வெந்நீரில் போட்டு, தவிடும் சுண்ணாம்பும் சேர்த்து, போர்வை போர்த்திப் புளிக்க வைக்க வேண்டும். சுண்ணாம்பு கூடினால் தொட்டி மூர்ச்சையாகிவிடும், குறைந்தால் அழுகிவிடும். நன்றாக இருந்தால் மேலே செப்பு நிறத்தில் நுரை கட்டும். அதைப் பூ என்போம். அதில் முக்கியெடுத்த துணி வெளியே வரும்போது வெளிறிய பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீலமாக மாறும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு இன்னும் அது அலுக்கவில்லை.

தொட்டியைப் பார்ப்பது கோசினின் வேலை. தவிடு சலிப்பது, சுண்ணாம்பு நீற்றுவது, நெருப்பு போடுவது, ஆற்றில் அலசுவது எல்லாம் ஹைலாவின் வேலை. தொட்டி ஆம்பிளைக்குத்தான் மசியும் என்று எங்கள் சாயக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். சங்கத்தில் அப்படி ஒரு விதி கிடையாது, வெறும் பெருமைதான். கோசின் ஒவ்வொரு காலையும் ஒரே மாதிரி செய்வான். தேவாலயத்துக்குள் நுழைகிறவன் போல இடது கையால் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொள்வான். வலது கைச் சுண்டு விரலை முதல் கணு வரைக்கும் தொட்டியில் விடுவான். கட்டை விரலோடு சேர்த்து உரசிப் பார்த்து, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துக்கொள்வான். அதற்குப் பிறகுதான் "வேணும்" அல்லது "வேணாம்" என்று ஒரு சொல் வரும். மற்ற விரல்களை நனைக்க மாட்டான்.

அவர்கள் தோய்த்த துணி எல்லாம் எவரார்ட் என்ற வியாபாரியினுடையது. துணி மண்டபத்தின் கீழ்ப் படியில் வைத்துவிட்டு வர வேண்டும். நீல நகத்தோடு மேல் படி ஏறக்கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் பழகிப்போனதுதான். ஆனால் ஒரு சந்தை நாளில், ஹைலா மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது, தெற்கேயிருந்து வந்த ஒருவன் அவள் துணியை வெயிலில் விரித்துப் பிடித்து, "ஆகா, எவரார்ட் நீலம்! இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றான்.

ஹைலாவால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அது எங்க நீலம்!" என்று கத்திவிட்டாள்.

வந்தவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். எவரார்ட்டின் ஆள் துணி அளக்கும் கோலால் அவள் நெஞ்சில் வைத்து, மாட்டை நகர்த்துகிற மாதிரி படியிலிருந்து கீழே தள்ளினான். எவரார்ட் சிரித்துக்கொண்டே, "நெருப்புக்கு விறகு போட்டவ எல்லாம் நீலம் என்னோடதுன்னு சொன்னா எப்படி?" என்றான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அன்று மாலை அவள் கோசினிடம் சொன்னாள்: "எவரார்ட் வீட்ல நீலமா இருக்கறது அவன் கை நரம்பு மட்டுந்தான். நீ வியாபாரிங்க சங்கத்துல சேரு. நம்ம நீலத்தை நாமளே விப்போம். நம்ம பேரைச் சொல்லி விப்போம்."

"என் நகத்தைப் பாத்தியா?"

"நகம் வளரும்."

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தன் கையால் சாயம் தோய்க்கிறவனுக்கு வியாபாரிகள் சங்கத்தில் இடமில்லை. சேர வேண்டுமானால் ஒரு வருஷமும் ஒரு நாளும் தொழிலைத் தொடாமல் இருக்க வேண்டும். பிறகு மண்டபத்துக்குப் போய், வெள்ளைத் துணி விரித்த மேசையில் இரண்டு கையையும் வைத்துக் காட்டி, சத்தியம் செய்ய வேண்டும். இதுவரை எந்தச் சாயக்காரனும் அந்த மேசை வரை போனதில்லை. ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அந்த விதியைப் போட்டவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

"தொட்டியை யாரு பாக்கறது?" என்றான் கோசின்.

"நான் பாக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். "சுண்ணாம்பை மட்டும் அவசரப்பட்டுப் போட்டுடாதே" என்றான்.

குளிர் தொடங்கும் புனித மார்ட்டின் திருநாளில் அவன் கையைக் கழுவிக்கொண்டான். மறுநாளிலிருந்து கோசின் போல ஒரு பாவப்பட்ட மனிதன் ஊரில் இல்லை. உழைத்த கைக்கு ஓய்வு கொடுத்தால் அது சும்மா இருக்குமா? கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டான். எண்ணெய் தேவைப்படாத கீலுக்கும் போட்டான். பூனைக்குப் பேன் பார்த்தான். அவன் கையில் உறை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், "வியாபாரி ஐயா வர்றாரு, வழி விடுங்க!" என்று துணி மிதிக்கிற பயல்கள் குனிந்து வணங்கிக் காட்டுவார்கள். தாங்க முடியாமல் பட்டறைச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொள்வான். தொடக்கூடாதே தவிரப் பேசக்கூடாது என்று விதி இல்லையே.

"புள்ள, போர்வையை இழுத்து மூடு!"

"மூடித்தான் இருக்கு."

"தவிடு வாசம் வருதா?"

"உன் வாசந்தான் வருது. தள்ளி நில்லு."

முதல் மாதம் அவள் தொட்டியைக் கொல்லப் பார்த்தாள். அவன் எச்சரித்தபடியே சுண்ணாம்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். பூ செத்தது, துணி சாம்பல் நிறத்தில் வந்தது. அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். கோசின் சன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, எவ்வளவு தவிடு, எவ்வளவு சூடு என்று சொல்லிச் சொல்லி அதை மீட்டெடுக்க வைத்தான். பத்து நாள் அந்தத் தொட்டியை இருவரும் நோயாளிப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அது பிழைத்தது.

குளிர்காலம் முடிவதற்குள் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். பிறகு அவன் சொல்வதைக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அவன் விரலால் பார்த்ததை அவள் சத்தத்தால் பார்த்தாள். கோலால் மெல்லக் கிளறிவிட்டுக் காதைக் கொடுப்பாள். குமிழ் உடையும் ஒலியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். வசந்தத்தில் அவள் தொட்டியிலிருந்து வந்த நீலம் கோசினின் நீலத்தைவிட ஒரு படி ஆழமாக இருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஏதோ வேலையாக வந்தவர்கள்போல வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷம்தான் அவள் பாட ஆரம்பித்தாள். அதற்கு முன் அவள் பாடி யாரும் கேட்டதில்லை. கேட்டபின், இத்தனை நாள் ஏன் பாடவில்லை என்று யாரும் வருத்தப்படவும் இல்லை. சுருதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் துணியைத் தூக்கிக் காற்றில் விரித்து, அது பச்சையிலிருந்து நீலமாகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் தலையை நிமிர்த்திப் பாடுவாள். தெருக்கோடி வரை கேட்கும்.

"நாய் எல்லாம் ஊரை விட்டுப் போயிடுச்சு" என்பான் கோசின் சன்னலிலிருந்து.

"ஒண்ணு இங்கயே நிக்குதே!" என்பாள் அவள்.

இதற்கிடையில் நகம் வளர்ந்தது. முதலில் அடியில் வெள்ளைப் பிறை தெரிந்தது. பிறை மேலே ஏறஏற நீலம் நுனிக்கு ஒதுங்கியது. ஞாயிறு பூசைக்குப் பின் தெருவே வந்து அவன் விரல்களைப் பார்த்துவிட்டுப் போகும். எங்களுக்கெல்லாம் கேலி ஒரு பக்கம் என்றால், ஆசை ஒரு பக்கம் இருந்தது. எங்களில் ஒருவன் அந்த மேல் படி ஏறினால் அது எங்கள் எல்லோருடைய காலும் ஏறினதுபோலத்தானே. அறுவடை சமயத்தில் கடைசி நீலத் துணுக்கை ஹைலாவே வெட்டி எடுத்தாள். வெட்டிவிட்டு அவன் கையை விடாமல் வைத்திருந்தாள். வெளுத்துப் போன, யாரோ ஒருவனுடையது போன்ற கை. அதற்குப் பக்கத்தில் மணிக்கட்டு வரை நீலமாக அவளுடைய கை இருந்தது.

"இப்ப உன்னைப் பாத்தா எனக்கே மரியாதை வருது" என்றாள்.

"கெட்ட பழக்கம். விட்டுடு" என்றான் அவன்.

வருஷம் முடிந்து, சத்தியம் செய்யும் நாளுக்கு முந்தின நாள், சத்திய வாசகத்தைக் கேட்டுப் பழகிக்கொள்வதற்காக மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சொல்லிக்கொடுப்பது மண்டப வாயில்காவலன் பௌதின். கோசின் உற்சாகமாகத்தான் போனான். திரும்பி வந்தவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"கையை நல்லாக் கழுவிட்டு வரச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா? அதுக்கா இவ்வளவு நேரம்?"

"பௌதினுக்குப் பல்லு இல்ல. மெதுவாத்தான் சொல்றான்."

மாலைச் சாப்பாட்டுக்கு ஹைலா விசேஷமாக உப்பு மீனும் பட்டாணியும் ஆக்கியிருந்தாள். அவன் பாதியை வைத்துவிட்டான். பயந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். வெளிச்சம் போவதற்குள் கடைசித் துணியை எடுக்க அவள் பட்டறைக்குப் போனபோது அவன் வந்து வழக்கமான சன்னலில் சாய்ந்துகொண்டான். அவள் துணியைத் தூக்கினாள், பாடினாள். அவன் கேலி செய்யவில்லை.

"புள்ள, உனக்கு இந்தத் தொட்டி பிடிச்சிருக்கா?"

"பிடிக்காம என்ன? உன்னைவிட நல்லாச் சொன்ன பேச்சு கேக்குது."

"நாளைக்கு நாம பெரிய ஆளாயிட்டா, கூலிக்கு ஆள் வச்சுக்கலாம். நீ மாடியில உக்காந்து, சும்மா..."

"சும்மா உக்காந்து? ஒரு வருசம் நீ சும்மா உக்காந்த லட்சணத்தைத்தான் பாத்தேனே!" என்று அவள் சிரித்தாள். "எனக்குத் தொட்டி போதும். நீ போய் வித்துட்டு வா. ஆனா இன்னார் நீலம்னு சத்தமாச் சொல்லி விக்கணும்."

அவன் தலையாட்டினான்.

மறுநாள் விடியலில் அவனுக்காக அவள் தோய்த்துத் தைத்து வைத்திருந்த புது அங்கியை எடுத்து வெளியே வைத்தாள். அவள் தொட்டி நீலம்தான். புதுத் தொப்பியும் அதே நீலம். அவனை உடுத்தச் சொல்லிவிட்டு, முகம் கழுவத் தண்ணீர் எடுக்க ஆற்றுப் படிக்குப் போனாள். வாளியோடு திரும்பி வந்தபோது பட்டறைக் கதவு திறந்திருந்தது.

கோசின் தொட்டி ஓரம் நின்றுகொண்டிருந்தான். போர்வை விலகியிருந்தது. புதுத் தொப்பி அவன் வலது கையில் கசங்கிக்கொண்டிருந்தது. இடது கை மணிக்கட்டு வரை நனைந்து சொட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பச்சையிலிருந்து நீலமாக மாறியது. அவளுக்கு உயிருக்கு உயிரான அந்த மாற்றத்தை வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் அவள் வெறுத்தாள்.

"பழக்க தோசம், புள்ள" என்றான் அவன்.

வாளி கவிழ்ந்தது. அவள் போட்ட சத்தத்தில் தெரு எழுந்து வந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளித்த மோர் ஊற்றித் தேய்த்தாள், ஆற்று மணலால் தேய்த்தாள். தோல் உரிந்து ரத்தம் வந்ததே தவிர நகம் நீலமாகவே இருந்தது. நீலத்தை நாங்கள் அப்படித்தான் தோய்ப்போம், போகாதபடிக்கு. அவன் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. மண்டப மணி அடித்ததும் எழுந்து போனான்.

வெள்ளைத் துணியில் இரண்டு கையையும் வைத்தானாம். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். மண்டபமே குலுங்கிச் சிரித்ததாம். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று எவரார்ட் கேட்டானாம். சத்திய வாசகத்தைப் படிக்கவே இல்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பௌதின் மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று போனவர்கள் சொன்னார்கள். கிழவனுக்குக் காது கேட்கவில்லை போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

"இன்னொரு வருசம் இருந்து பாரு" என்று ஹைலா கெஞ்சினாள்.

"இன்னொரு வருசம் சும்மா உக்கார வச்சா நான் செத்தே போயிடுவேன். பூனைக்கு ஒடம்புல பேனே இல்ல இப்ப."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தொட்டியை அவளிடமிருந்து அவன் திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்தில் தனக்கென்று சின்னதாக இன்னொரு தொட்டி போட்டுக்கொண்டான். வருஷங்கள் ஓடின. எவரார்ட் செத்தான், அவன் மகன் வந்தான். ஹைலாவின் நீலம் எவரார்ட் நீலம் என்ற பெயரிலேயே எங்கெங்கோ போயிற்று. சந்தை நாள் வந்தால் அவள் முந்தின நாளிலிருந்தே கோசினைக் கரித்துக் கொட்டுவாள். "ஒரு கை! ஒரே ஒரு கை!" ஊர் சிரிக்கும். அவன் "ஆமா புள்ள, ஆமா" என்பான். இடையில் துணி தூக்கும் நேரம் வந்தால் திட்டை நிறுத்திவிட்டுப் பாடுவாள். பாடி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

இப்படியே இருவரும் தலை நரைத்தார்கள். ஒரு நாள் பௌதின் பட்டறைக்கு வந்தான். காவல் வேலையை எப்போதோ விட்டுவிட்டான். மனைவி இறந்துபோயிருந்தாள். பழைய அங்கி ஒன்றைத் துக்கத்துக்காக இருண்ட நீலமாகத் தோய்த்துத் தர வேண்டும் என்று கொண்டுவந்திருந்தான். கோசின் அப்போது வீட்டில் இருந்தான். ஹைலா அங்கியை முக்கிவிட்டு, கிழவனுக்கு ஒரு குவளை பீர் ஊற்றிக் கொடுத்தாள். பேச்சு எங்கே சுற்றினாலும் அவளுக்கு வந்து சேரும் இடம் ஒன்றுதானே.

"நீங்கதான் அன்னிக்கு அங்க இருந்தீங்களே, தாத்தா. ஒரு வருசம் காத்துட்டு, ஒரு நிமிசம் கையைச் சும்மா வச்சிருக்கத் தெரியாத மனுசனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

பௌதின் குவளையைக் கீழே வைத்தான். "அவன் இன்னும் உங்கிட்டச் சொல்லவே இல்லையா, தாயி?"

"என்னத்தை?"

"சத்தியத்துல ரெண்டு பாகம் இருக்கு. என் கை சாயம் தொடாதுங்கறது ஒண்ணு. எம் பொண்டாட்டி கையும் தொடாதுங்கறது ரெண்டு. சங்கத்தான் பொண்டாட்டி நீல நகத்தோட விருந்துல வந்து உக்காந்தா அவங்களுக்கு ஆகாது. உங்க ஆளுங்க யாரும் அது வரைக்கும் வந்ததில்ல, அதனால வெளிய தெரியாது."

ஹைலா தன் நீல நகங்களைப் பார்த்தாள்.

"முந்தின நாள் நான் சொன்னதும் அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். வேற வழியே இல்லையான்னு. இல்லைன்னேன். சொன்னா அவ தொட்டியை விட்டுடுவா, எனக்காக விட்டுடுவா, அது எனக்குத் தெரியும்னான். சரி, நான் நாளைக்கு வராமயே இருந்துட்டா என்னன்னு கேட்டான். வரலைன்னா சங்கத்துப் பெரியவங்க உன் வீட்டுக்கு ஆள் அனுப்பி ஏன்னு விசாரிப்பாங்க, அப்ப எல்லாம் அவ காதுக்கு வந்துடும்னேன். கை கறையா இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டான். வாசகத்தைப் படிக்காமயே தொரத்திடுவாங்கன்னு சொன்னேன். அதுக்கு அப்புறம் ஒண்ணும் கேக்கல. நன்றி சொல்லிட்டுப் போயிட்டான்." கிழவன் பீரைக் குடித்து முடித்தான். "நான் செத்துப் போறதுக்குள்ள யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. நீ இத்தனை வருசமா அவனைத் திட்டறது எங்க தெரு வரைக்கும் கேக்குது."

அவன் போன பிறகு ஹைலா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். சுண்ணாம்பைக் கூட்டிப்போட்டு அழுத அன்று உட்கார்ந்த அதே இடம். அந்தக் காலை அவள் கண்ணில் அப்படியே நின்றது. தொப்பி வலது கையில் இருந்தது. நனைந்தது இடது கை, அதுவும் மணிக்கட்டு வரை. பழக்க தோஷத்தால் தொட்டிருந்தால் தொப்பி இடது கையில் அல்லவா இருந்திருக்கும்? வலது கைச் சுண்டு விரல் ஒன்றுதானே நனைந்திருக்கும்? தன் கண்ணால் பார்த்தும் அவளுக்கு அது உறைக்கவில்லை. இத்தனை ஆண்டும், நாள் தவறாமல், அந்தக் கையைத்தான் அவள் வாயில் போட்டு மென்றிருக்கிறாள். இறந்துபோன யாருக்கும் அவள் அப்படி அழுததில்லை.

வீட்டுக்கு வந்தபோது கோசின் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் சந்தை. வழக்கமாக அவள் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடுவாள். இன்று சத்தமில்லாமல் வந்து நின்றதும் அவன் பயந்துபோய் ஏறிட்டுப் பார்த்தான்.

"என்ன புள்ள, ஒடம்பு சரியில்லையா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது இரண்டு கையும் ஒரே நீலம்.

"விடு. தெருவுல பாக்கறாங்க."

"பாக்கட்டும்." அந்த நகங்களைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "தொட்டியைத் தொட்டுப் பாக்க உன் பழக்கம் வலது கைச் சுண்டு விரல்தானே?"

கோசின் வலது கையிலிருந்த அவரைக்காயைத் தட்டில் போட்டான். எதிர் வீட்டுக் கூரையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

"அந்தப் பல்லில்லாத கிழவன் வந்தானா?"

"வந்தான்."

"வாயை மூடிட்டு இருக்கத் தெரியாத பய."

"நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. நான் விட்டிருப்பேனே. நம்ம பேரு சொல்லி வித்திருக்கலாமே!"

"விட்டிருப்ப. அதுக்குத்தான் சொல்லல." அவன் இன்னொரு அவரைக்காயை எடுத்து வலது கையால் மட்டும் உரிக்கப் பார்த்தான். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. "அந்த வருசந்தானே நீ பாட ஆரம்பிச்ச."

அவள் மடியிலிருந்த அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கச் சகிக்காதுதான்" என்றான் கோசின். "ஆனா நிறுத்த மனசு வரல."

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவரைக்காய்த் தட்டு கவிழ்ந்து தெருவெல்லாம் சிதறியது. எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சாச்சா? நாளைக்குச் சந்தையாச்சே!" என்று கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.